கேட்டுக்கு வெளியே

பனியன் கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். டைலர் அந்த நொடியே மெஷினை நிறுத்த வேண்டும். கையில் இருக்கும் பீஸ், கூடையில் கிடக்கும் பீஸ் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு உடைந்த துண்டுகளைத் தேட வேண்டும். கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தரையைத் தடவுவார். கிடைத்த துண்டுகளை ஒரு ரிஜிஸ்டரில் வரிசையாக வைத்து, செலோ டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்ப்போம். தேதி, நேரம், மெஷின் நம்பர், டைலர் பெயர் எல்லாம் எழுதி சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். ஊசி நுனி மட்டும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டு முழுவதையும் தனியாக ஒதுக்கிவிடுவோம். இவ்வளவுக்கும் பிறகு பேக்கிங்குக்குப் போகும் முன் பீஸ்கள் நீடில் டிடெக்டர் வழியாகவும் போக வேண்டும்.

குழந்தைகள் உடுப்பு என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். எங்கோ ஒரு நாட்டில் ஒரு கைக்குழந்தையின் உடம்பில் எங்கள் ஊசி நுனி குத்திவிடக் கூடாது. முற்றிலும் நியாயமான கட்டுப்பாடு. டைலருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, டைலராகி, பிறகு விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலைக்கு வந்தவன் நான். அந்த ரிஜிஸ்டரைப் பல வருஷம் பராமரித்ததில் எனக்குப் பெருமைதான்.

அதே கம்பெனியில், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவில் வேன் ஏறும் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுக்கூட அன்றைக்கு இருக்கவில்லை. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு படகு விபத்தைப் பற்றி யோசிக்கப் போய்த்தான் இது என் கண்ணில் பட்டது.

திருப்பூரில் ஆயுத பூஜை முடிந்தால் கம்பெனி டூர் என்பது பழைய வழக்கம். பழனி, கொடைக்கானல், தேக்கடி, அதிரப்பள்ளி என்று வருஷத்துக்கு ஓரிடம். ஒருமுறை நாங்கள் தாராபுரம், ஒட்டன்சத்திரம், தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போனோம். முல்லைப் பெரியாறு அணையால் தேங்கி நிற்கும் தேக்கடி ஏரியில் படகுச் சவாரி. செக்கிங் செக்‌ஷன் அக்காமார் முக்கால்வாசிப் பேர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படகில் கால் வைத்தார்கள். தண்ணீருக்குள் கருகருவென்று நிற்கும் பட்டுப்போன மரங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாதி தூரம் போயிருப்போம். "ஆனை, ஆனை!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், படகில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் ஓடினோம். படகு சாய்ந்ததை என் பாதம் உணர்ந்தது. படகுக்காரர் மலையாளத்தில் போட்ட சத்தத்தில் பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். யானைக்கூட்டம் கரையில் நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பேசியது யானையைப் பற்றித்தான். படகு சாய்ந்ததை ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

2009 செப்டம்பர் 30, புதன்கிழமை. ஆயுத பூஜை முடிந்த அதே வாரம். அந்த ஏரியில் ஜலகன்யகா என்ற படகு மாலை நேரத்தில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கேரளாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் அதில் நிறைய, நம் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். டிவியில் அந்தத் தண்ணீரையும் அந்தப் பட்ட மரங்களையும் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் ஆட்கள் அந்த வருஷம் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். "நம்மாளுக யாரும் இல்லைங்களே" என்று போனில் கேட்டவர்களுக்கு "இல்லீங், இல்லீங்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். அப்படிச் சொல்லும்போது வந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவர்களும் யாரோ ஒருவருக்கு 'நம்மாளுக'தானே.

விபத்து எப்படி நடந்தது என்று செய்தி வந்தது. விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், படகு கவிழ்ந்தது. நாங்கள் செய்த அதே காரியம். படகோட்டியையும் உதவியாளரையும் போலீஸ் கைது செய்தது. முதல் இரண்டு நாள் எல்லார் வாயிலும் இரண்டே காரணம்தான்: ஜனங்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், ஓட்டியவன் அடக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. இரண்டு அடுக்குப் படகு. ஃபைபர் கிளாஸ் உடல். ஓட ஆரம்பித்துச் சில வாரங்களே ஆகியிருந்தது. 75 பேருக்கான படகில் அதற்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை யாருக்கும் மாட்டிவிடவில்லை. வனவிலங்கு பார்ப்பதற்காகவே ஓட்டப்படும் படகு அது. விலங்கைக் கண்டால் மனிதர்கள் ஒரு பக்கம் ஓடுவார்கள் என்பது அதைக் கட்டச் சொன்னவர்களுக்கும், வாங்கியவர்களுக்கும், ஓட அனுமதித்தவர்களுக்கும் தெரியாத ரகசியமா? ஓடினால் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தானே டிக்கெட் கிழிக்க வேண்டும்? நீதிபதி மொய்தீன் குஞ்சு ஆணையம் விசாரித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

என்னை மிகவும் குழப்பியது இன்னொரு விஷயம். அந்தப் படகை நடத்தியது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம், அதாவது அரசின் நிறுவனம். பேராசை பிடித்த தனி முதலாளி என்று கைகாட்ட அங்கே ஒருவரும் இல்லை. 'லாப வெறி' என்று சொல்லி முடித்துவிட முடியாது. அதற்கு முன்பும் கேரளத்தில் 2002-ல் குமரகத்தில் அரசுப் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2007-ல் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதிபதி, ஓர் அறிக்கை. நம் பக்கம் 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2023 மே மாதம் தானூரில் மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டி மறுபடி 22 பேர். ஒன்று அரசுத்துறை, ஒன்று அரசுக் கழகம், மற்றவை தனியார். நடத்துபவர் யாராக இருந்தாலும் நடப்பது ஒன்றாகவே இருந்தது. அளவுக்கு மேல் ஆள். எண்ணிப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்ல ஆள் இல்லை.

அப்படியானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு எனக்கு வழிகாட்டியது கோவையில் நடந்த ஒரு பாதுகாப்புப் பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி என்று வழக்கமான வகுப்புகளுக்கு நடுவே, பயிற்சியாளர் ஓர் ஆங்கிலக் கப்பலின் கதையைச் சொன்னார். ஊருக்கு வந்த பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். இன்றும் யாராவது கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தால் முதலில் அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

கப்பலின் பெயர் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ். லாரிகளும் கார்களும் நேராக உள்ளே ஓடி ஏறும் வகைப் பயணிகள் கப்பல். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ருகே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்டது. வண்டிகள் ஏறும் முன்கதவு மூடப்படவே இல்லை. துறைமுகத்தைத் தாண்டி வேகம் எடுத்ததும் தண்ணீர் வண்டித் தளத்துக்குள் பாய்ந்தது. சில நிமிஷத்தில் கப்பல் சாய்ந்து படுத்துவிட்டது. 193 பேர் இறந்தார்கள்.

கதவை மூட வேண்டிய பணியாளர் தன் அறையில் அசந்து தூங்கிவிட்டார். அவருக்கு மேலே இருந்தவர் அந்தப் பக்கமாகத்தான் வந்தார், கதவு திறந்திருந்தது. ஆனால் கதவு மூடுவது தன் வேலை இல்லை என்று போய்விட்டார். மேற்பார்க்க வேண்டிய அதிகாரி, மூடப்போகும் ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துத் தன் அடுத்த வேலைக்கு மேலே ஏறிவிட்டார். கேப்டன் நின்ற இடத்திலிருந்து கதவு தெரியாது. அந்தக் கம்பெனியில் ஒரு நடைமுறை இருந்தது: ஏதாவது சரியில்லை என்று யாராவது வந்து சொன்னால்தான் பிரச்சினை, ஒருவரும் வந்து சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு கேப்டன் கப்பலைக் கிளப்பலாம். அன்றைக்கும் ஒருவரும் வந்து சொல்லவில்லை.

கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட மேலே ஒரு விளக்கு வையுங்கள் என்று அதே கம்பெனியின் கேப்டன்கள் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தார்கள். கரையில் ஆபீஸில் உட்கார்ந்திருந்த மேலாளர்கள் அதைக் கேலியாக எழுதித் தட்டிக்கழித்திருந்தார்கள். விபத்து நடந்த சில நாட்களிலேயே அந்தக் கம்பெனியின் அதே வகை மற்றக் கப்பல்களில் அந்த விளக்கைப் பொருத்திவிட்டார்கள்.

நீதிபதி ஷீன் விசாரித்தார். தூங்கியவரோடும் கேப்டனோடும் அவர் நிறுத்தவில்லை. இயக்குநர் குழு வரைக்கும் மெத்தனம் ஊறிப்போயிருந்தது என்று எழுதினார். கப்பல்களின் பாதுகாப்புக்கு இன்னார் பொறுப்பு என்று மேல்மட்டத்தில் தெளிவாக ஒருவரும் இருக்கவில்லை. பிறகு கம்பெனி மீதே மரணம் விளைவித்த குற்றவழக்குப் போட்டார்கள். 1990-ல் அந்த வழக்கு நிற்காமல் போனது. கம்பெனி குற்றவாளி என்றால் அதன் தலைமையில் இருக்கும் யாராவது ஒரு தனிமனிதர் மேல் முழுக் குற்றமும் நிரூபணமாக வேண்டும் என்று அன்றைய சட்டம் எதிர்பார்த்தது. இங்கேயோ குற்றம் பத்துப் பேரிடம் துண்டு துண்டாகக் கிடந்தது. கம்பெனியின் நடைமுறைக் கோளாறையே குற்றமாக எடுத்துக்கொள்ளும் தனிச் சட்டம் பிரிட்டனில் வர 2007 ஆகிவிட்டது.

'ஒருவரும் வந்து சொல்லாவிட்டால் எல்லாம் சரி.' இதைப் படித்த அன்று நான் கம்பெனி கேட்டில் நின்று, இரவு ஒன்பது மணிக்கு வெளியே போகும் வேன்களைப் பார்த்தேன். நாங்களும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் எங்கள் வேன் ஒன்று தாராபுரம் ரோட்டில் கவிழ்ந்தது. ஷிப்மென்ட் வாரம். ஒன்றரை ஷிப்ட் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. 14 பேர் உட்காரும் வேனில் 23 பேர். ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கியது. கம்பி வைத்தார்கள், எலும்பு கூடியது, ஆனால் துணியைத் தள்ளிக்கொடுக்கும் அந்தப் பதம் திரும்பி வரவே இல்லை. பத்து நிமிஷம் ஓட்டினால் கை மரத்துவிடும். திருப்பூரில் டைலர் கூலிக்கும் செக்கிங் கூலிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீட்டில் அந்த வித்தியாசம் வாரா வாரம், சனிக்கிழமை சம்பளக் கவரில் தெரிந்தது.

எங்கள் முதலாளியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவரும் டைலராக இருந்து வந்தவர்தான். நாலு மெஷினோடு வாடகைக் கட்டிடத்தில் ஆரம்பித்தவர். விபத்து நடந்த இரவே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். செலவு முழுவதும் தன் கைக்காசு. அந்த அக்காவின் மூத்த பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். என் அம்மா சாவுக்கு முதல் ஆளாய் வந்து நின்றவர் அவர். "எங்க மொதலாளி நல்ல மனுசனுங்க" என்று நாங்கள் எல்லோரும் சொல்வோம், அது சத்தியம். அதனால்தான் எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. கெட்டவரிடம் சண்டை போடலாம். சோறு போட்டவரிடம் 'இது உங்கள் பொறுப்பு' என்று எப்படிச் சொல்வது? இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை.

டிரைவர் மேல் கேஸ் போட்டார்கள். வேன் காண்ட்ராக்ட் என்பதால் கம்பெனிக்குப் பங்கில்லை என்று எல்லோரும் பேசினார்கள். பையர் தரப்புக்கு அறிக்கை அனுப்பத் தேவையில்லை. விபத்து கேட்டுக்கு வெளியே. யாரும் கேட்காவிட்டாலும் ஒரு அறிக்கை எழுதுவது என்று நானாகவே உட்கார்ந்தேன். உடைந்த ஊசிக்குச் செய்வதையே இதற்கும் செய்து பார்த்தேன்: கிடைத்த துண்டுகளை எல்லாம் வரிசையாக ஒட்டி, முழு நீளம் வருகிறதா என்று.

டிரைவர் சொன்னது: "கடைசி பஸ்ஸு போயிருச்சுங்ணா. பொம்பளைப் புள்ளைகளை அந்த நேரத்துல ரோட்டுல உட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" சரியான கேள்வி. சூப்பர்வைசர் சொன்னது: ஒரு மணி நேரம் கூட ஓட்டச் சொல்லி மேலிருந்து வந்தது, வேன் ஏற்பாடு அட்மின் பார்க்கும் என்று நினைத்தேன். அட்மின் சொன்னது: இன்னொரு வேன் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது, ஆள் அதிகம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேன் காண்ட்ராக்டர் சொன்னது: டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு, தலைக்கணக்கு என் வேலை இல்லை. பிளானிங்கில் கேட்டால், பிரிண்ட் அப்ரூவல் வர எட்டு நாள் தாமதம், ஷிப்மென்ட் தேதி மட்டும் நகரவில்லை. மெர்ச்சன்டைசரிடம் கேட்டால், தேதியை நகர்த்தினால் ஏர் ஷிப்மென்ட் போட வேண்டிவரும். ஏர் போட்டால் அந்த ஆர்டரில் கிடைக்கும் லாபத்தைப்போல இரண்டு மடங்கு போய்விடும்.

ஒவ்வொரு துண்டும் உண்மை. பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் 14 பேர் வேனில் 23 பேர். கிடைக்காத நுனி ஒன்றே ஒன்று: 'இந்த வேன் புறப்படலாம்' என்று சொல்லும் பொறுப்பு யாருடையது?

அறிக்கையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். படித்தார். முகம் சுருங்கிவிட்டது. "ஏப்பா, நான் என்ன கொறை வெச்சேன் அந்தப் புள்ளைக்கு?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம். "ஒரு கொறையும் இல்லீங்ணா. அதுக்கப்புறம் நீங்க செஞ்சதை எங்கப்பன்கூடச் செஞ்சிருக்க மாட்டாரு. அதுக்கு முன்னால செய்ய வேண்டியதைத்தானுங்ணா எழுதியிருக்கேன்" என்றேன். குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. பேசாமல் எழுந்து போய்விட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு, "என்ன பண்ணோணும்னு சொல்லு" என்றார்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வேனுக்கும் ஒரு டிரிப் ஷீட். ஏறியவர்கள் எண்ணிக்கை, வண்டி நம்பர், டிரைவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்பது, ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்து. ஷீட் கைக்கு வந்தால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். யார் போன் போட்டாலும் சரி, முதலாளியே போட்டாலும் சரி. வேன் பற்றவில்லை என்றால் கூடுதல் நேரம் கிடையாது, ஷிப்ட் அந்த நேரத்துக்கு முடியும். இந்தக் கடைசி விதிக்குத்தான் பெரிய எதிர்ப்பு. புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் வாரத்திலேயே எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஒரு வேனை இருபது நிமிஷம் நிறுத்திவைத்தார். இரண்டு பேர் அதிகம். உள்ளிருந்து ஒரே சத்தம். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி கார் வந்து அந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எழுந்தார். கம்பெனியில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆளுக்கு ஷிப்மென்ட்டை நிறுத்தும் அதிகாரம் கொடுத்ததைத்தான் என் உத்தியோகக் காலத்தில் நடந்த மிகப் பெரிய சீர்திருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தத் திசையில் வந்திருக்கிறது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். 1984-ல் போபால் விஷவாயு விபத்து நடந்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் யாராவது ஒரு மேனேஜரைப் பெயருக்கு 'ஆக்குபையர்' என்று காட்டிவிட்டு டைரக்டர்கள் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. திருத்தத்துக்குப் பிறகு கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர்தான் ஆக்குபையர், குற்றவாளிக் கூண்டில் அவர்தான் நிற்க வேண்டும் என்று ஆனது. 2010-ல் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள்: வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ளலாம். சட்டம் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. இ.எஸ்.ஐ. கார்டே இல்லாத காண்ட்ராக்ட் ஆளுக்கு அது எட்டுமா என்பது வேறு விஷயம்.

தென்கொரியாவிலும் சட்டம் இப்படித்தான் நகர்ந்தது. அங்கே 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே பள்ளியின் பிள்ளைகள். மேல்தளத்தில் அறைகளைக் கூட்டிக் கட்டி, அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியிருந்தார்கள். "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று அறிவித்துவிட்டுக் கேப்டன் தப்பித்தார். அவருக்கு ஆயுள் தண்டனை. அங்கே கம்பெனித் தலைவரும் சிறைக்குப் போனார். பெற்றோர்கள் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் ஓயவில்லை. வேலையிடத்துச் சாவுகளுக்கும் இப்படிப்பட்ட பேரிடர்களுக்கும் நிறுவனத் தலைமையையே தண்டிக்கும் சட்டம் 2022 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

எங்கள் தொழிலிலேயே 2013 ஏப்ரல் 24 இருக்கிறது. டாக்கா பக்கம் சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா. முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த பேங்க் தன் ஆட்களை வரவேண்டாம் என்றது. மேல்மாடி கார்மென்ட் கம்பெனிகள் தங்கள் ஆட்களை வரச் சொன்னார்கள். கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்த வாரம் திருப்பூரில் எந்த டீக்கடையிலும் இதே பேச்சு. 'ஆர்டர் நம்ம பக்கம் திரும்பும்' என்றும் சிலர் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அந்தக் கட்டிடத்தில் இருந்த சில கம்பெனிகள் சமூக ஆடிட் பார்க்கப்பட்டவை. சட்டைக் காலரில் தைத்த லேபிள்கள் இடிபாட்டில் கிடைத்த பிறகுதான், அங்கே யாருடைய துணி தைக்கப்பட்டது என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதன் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைப் போட்டார்கள். இனாமாகச் செய்யும் நல்ல காரியம் என்று இருந்தது, கையெழுத்துப் போட்ட கடமையாக மாறியது.

நாம் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வாயில்லை. நொய்யல் ஆற்றை என்ன செய்தோம்? 'சாயம் போட்டது பட்டறைக்காரன், நாங்கள் தைக்கிறவர்கள்' என்று எக்ஸ்போர்ட்டர்கள் சொன்னோம். 'நாங்கள் ஜாப் ஒர்க், அவர்கள் கேட்ட கலர்' என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குத் தேக்கிய தண்ணீர் பயிருக்கு ஆகாத சாயக்கழிவாக நின்றது. விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், அது எல்லோருடைய கழிவும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

ஒரு பையர் ஆபீஸ் பெண் ஆடிட்டுக்கு வந்தபோது வேன் விஷயத்தை எடுத்தேன். நல்ல பிள்ளை, கவனமாக வேலை பார்ப்பவர். ஊசி ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். வேன் டிரிப் ஷீட்டையும் எடுத்துக் காட்டினேன். "இது எங்க செக்லிஸ்ட்ல இல்லீங்க சார், கேட்டுக்கு வெளிய நடக்கிறதுங்களே" என்றார். "அந்தக் குழந்தை சட்டையைப் போடறதும் கேட்டுக்கு வெளியதானுங்க அம்மிணி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷச் செக்லிஸ்டிலும் அது வரவில்லை. வரும்வரை வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது முதலாளியின் மகள் டைரக்டராக வந்திருக்கிறார். ஆட்கள் போக்குவரத்துக்கு அவர் பெயரையே பொறுப்பாகப் போட்டு, கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். இரவு கடைசி வேன் ஊர் சேர்ந்த தகவல் அவர் போனுக்கு வர வேண்டும். வராவிட்டால் அவரே கூப்பிடுவார். 'யாரும் சொல்லவில்லை, அதனால் சரி' என்பது இந்த ஒரு விஷயத்திலாவது ஒழிந்தது.

இந்த ஏற்பாடு எங்கள் கேட்டுக்குள் தைப்பவர்களுக்கு மட்டும். எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் வெளியே ஜாப் ஒர்க்கில் போகிறது. பிரிண்டிங், எம்ப்ராய்டரி, அயர்னிங், சின்னச் சின்ன பவர் டேபிள்கள். அங்கே பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். ஆட்டோவில், டெம்போவில், சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு வந்துபோவதை நான் கண்ணால் பார்க்கிறேன். அவர்கள் தைக்கும் துணியிலும் எங்கள் லேபிள்தான். பீஸுக்கு இவ்வளவு என்று நாங்கள் கொடுக்கும் ரேட்டில் ஒரு வேன் வாடகை அடங்காது என்று அந்த யூனிட்காரர்கள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர்கள் சொல்வது சரி. ரேட்டை ஏற்றாமல் வேன் ஷீட்டை மட்டும் நீட்டினால் அவர்களும் ஒரு பொய் ஷீட்டை எழுதி நீட்டுவார்கள். வருகிற வாரம் அவர்கள் எல்லோரையும் கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். புது ரேட்டில் போக்குவரத்தைத் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று டைரக்டர் அம்மிணியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெர்ச்சன்டைசிங்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். தேக்கடியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே போகாத பனியன்காரர் இந்த ஊரில் குறைவு.